சத்தியக்கடதாசியின் பயணம்: ஊவா மலையகச் சட்டத்தரணியின் புலப்பெயர்வும் தொழில் மாற்றமும்

இலங்கையில் சட்டத்தரணியாகப் பதிவு பெற்ற ஒருவர் நாட்டை விட்டுக் குடிபெயரும்போது அவருடைய தகுதியில் எது அவரோடு கூடச் செல்கிறது, எது பதுளை நீதிமன்றத்துப் பதிவறையிலேயே தங்கிவிடுகிறது என்னும் கேள்வி, 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் ஊவா மாகாணத்துத் தமிழ்ச் சட்டத்தரணிகளிடையே அழுத்தமாக எழுந்துள்ளது. ஒரு நாட்டின் சட்டம் அந்நாட்டின் எல்லையோடு முடிந்துவிடுவதால், பல ஆண்டுகள் வாதாடிப் பெயர் பெற்றவர்கூட இன்னொரு நாட்டில் இறங்கியவுடன் சட்டம் பேச உரிமையற்றவராகிவிடுகிறார். இந்த இழப்பைப் பற்றிப் பலரும் பேசுகின்றனர். அந்த எல்லையைக் கடந்தும் கையில் மிஞ்சும் திறன் எது என்பது பற்றிப் பேசுவோர் குறைவு. ஹாலிஎலையில் அலுவலகம் வைத்துப் பதுளை நீதிமன்றங்களிலும் தொழில் நியாய சபையிலும் தோன்றி, பின்னர் ரொறன்ரோவில் முதலில் மொழிபெயர்ப்பாளராகவும் அதன்பின் உரிமம் பெற்ற சட்டத் துணையாளராகவும் பணியாற்றிய அனுபவமே இக்கட்டுரைக்கு ஆதாரம். தோட்டப்புறத்தில் தொழில் கற்ற சட்டத்தரணி தன்னோடு எடுத்துச் செல்லும் மிகப் பெறுமதியான கைத்திறனை எந்த வெளிநாட்டுத் தகுதி மதிப்பீடும் கணக்கில் எடுப்பதில்லை என்பதும், ஆயினும் அவருடைய இரண்டாவது தொழில் அந்தக் கைத்திறனிலிருந்துதான் பிறக்கிறது என்பதும் அந்த அனுபவத்திலிருந்து பெறப்பட்ட முடிவு.

இலங்கையில் சட்டத்தொழில் முன்னர் இரண்டு கிளைகளாக இருந்தது. நீதிமன்றில் எழுந்து வாதாடுபவர் அட்வகேட் எனவும், கட்சிக்காரருக்காக வழக்கேடுகளைத் தயாரித்து நடத்துபவர் புரொக்டர் எனவும் அழைக்கப்பட்டனர். பேச்சுவழக்கில் இவர்கள் அப்புக்காத்து, பிறக்கிராசி எனப்பட்டனர். 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் இவ்விரண்டையும் ஒன்றாக்கியதால், 1974 முதல் எல்லோரும் சட்டத்தரணிகளாயினர். 1874இல் தொடங்கிய இலங்கைச் சட்டக் கல்லூரியின் தேர்வுகளில் தேறி, பயிற்சிக்காலம் முடித்து, உயர் நீதிமன்றில் சத்தியப்பிரமாணம் செய்தவரே இன்று சட்டத்தரணி. இவர் கற்கும் சட்டமோ ஒரே ஊற்றிலிருந்து வந்ததன்று. ஒல்லாந்தர் விட்டுச் சென்ற உரோமன் டச்சுச் சட்டம் பொதுச் சட்டமாகவும், ஆங்கிலேயச் சட்டம் வணிகத்திலும் சாட்சியத்திலும் நடைமுறையிலும், கண்டியச் சட்டமும் தேசவழமையும் முஸ்லிம் சட்டமும் அவரவர்க்குரிய தனியாள் சட்டங்களாகவும் ஒரே பாடத்திட்டத்தில் அருகருகே நிற்கின்றன. தென்னாபிரிக்காவைத் தவிர்த்துப் பார்த்தால், புலம்பெயர்வோர் நாடிச் செல்லும் பெரிய நாடுகள் எதிலும் உரோமன் டச்சுச் சட்டத்துக்கு வேலை இல்லை. காணிச் சட்டத்திலும் தீங்கியல் சட்டத்திலும் பெற்ற ஆழ்ந்த அறிவு அங்கே வரலாற்றுப் பாடமாக மட்டுமே மதிக்கப்படும் என்பதைப் புறப்படுமுன் ஒருவர் மனத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

இனி ஹாலிஎலையின் தொழில் எத்தகையது என்பதைப் பார்க்கவேண்டும். பதுளைக்கு முந்திய கடைசிப் புகையிரத நிலையம் ஹாலிஎல. பேரகலையிலிருந்து ஹப்புத்தளை, பண்டாரவளை வழியாக வரும் வீதியும், பேராதனையிலிருந்து நுவரெலியா, வெலிமடை வழியாகப் பதுளை செல்லும் வீதியும் இந்தச் சிறு நகரில்தான் சந்திக்கின்றன. சுற்றிலும் மலைச்சரிவுகளில் தேயிலைத் தோட்டங்கள். அத்தோட்டங்களில் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான லயங்களிலிருந்து பேருந்து ஏறி இறங்கும் மக்களே இங்குள்ள தமிழ்ச் சட்டத்தரணியின் கட்சிக்காரர்கள். நாட்டின் ஏனைய ஊர்களில் சட்டத்தரணியின் வருமானத்துக்கு முதுகெலும்பாக இருப்பது காணி உறுதி எழுதும் வேலை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி காணிக் கைமாற்றம் எதுவும் நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு கைச்சாத்திடப்பட்டாலன்றிச் செல்லாது. ஆனால் தோட்டத்தில் வாழ்பவருக்குக் காணியே இல்லை. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தங்களின் வழியாகத் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளின் கைக்கு மாறியபோதும், லயத்தில் வாழ்ந்த குடும்பத்துக்கு அது நின்ற நிலம் சொந்தமாகவில்லை. அண்மைய வீடமைப்புத் திட்டங்களில் 7 பேர்ச் காணி என்ற பேச்சு எழும்வரை, தோட்டத் தமிழர் ஒருவர் தன் பெயரில் உறுதி முடிக்க நொத்தாரிசிடம் வருவது அரிதான நிகழ்ச்சியாகவே இருந்தது.

காணி இல்லாத மக்களின் சட்டத்தரணிக்கு வேலையாக அமைந்தது கடதாசி. பிறப்புப் பதிவு, பெயர்த் திருத்தம், பிரசாவுரிமை, சேமலாப நிதி, பணிக்கொடை, வேலைநீக்கம் ஆகியனவே அவருடைய அன்றாடம். இந்த வேலைக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. 1940 மே மாதத்தில் ஊவாவின் வெவெஸ்ஸ தோட்டத் தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தெரிந்தெடுத்து வேலைநிறுத்தம் நடத்திய காலத்தில், தொழிலாளி ஒருவர் தன் குறையை முறையிடத் தனி நீதிமன்றம் எதுவும் இருக்கவில்லை. 1957ஆம் ஆண்டின் 62ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின்கீழ் தொழில் நியாய சபைகள் உருவான பின்னரே, வேலையிழந்த ஒரு தனித் தொழிலாளி நீதி கேட்டு ஓர் அமைப்பின் முன் நிற்க முடிந்தது. இச்சபை சட்டத்தின் எழுத்தை மட்டும் பாராது, நியாயமும் ஒப்புரவும் எதுவோ அதன்படி கட்டளையிடும் அதிகாரம் உடையது. தொழிற்சங்கப் பிரதிநிதியும் தொழிலாளிக்காக அங்கே தோன்றலாம் என்பதால், இளம் சட்டத்தரணிகள் பலர் தொழில் கற்றது பதுளை நியாய சபையில் அனுபவமிக்க தொழிற்சங்கக்காரர் ஒருவருக்கு எதிரே அமர்ந்தோ அல்லது அருகே அமர்ந்தோதான்.

பிரசாவுரிமையின் வரலாறு இன்னும் கடினமானது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் விண்ணப்பித்துப் பிரசாவுரிமை பெற வழி சொன்னது. எனினும் திருமணமானவர் 7 ஆண்டும், ஏனையோர் 10 ஆண்டும் இடைவிடாது இந்நாட்டில் வாழ்ந்தமையைக் காட்டவேண்டும் என்று அது கேட்டது. கல்வி மறுக்கப்பட்ட, பதிவேடுகள் முழுவதும் தோட்ட நிருவாகத்தின் கையில் இருந்த ஒரு சமூகத்திடம் அச்சட்டம் கேட்டது ஆவணச் சான்று. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது; எஞ்சிய 150,000 பேரை 1974ஆம் ஆண்டு உடன்படிக்கை சரிபாதியாக்கியது. இறுதியில் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்கும் பிரசாவுரிமை வழங்கியது. அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரு மக்கள் கூட்டம் தாம் யார் என்பதைக் கடதாசியால் நிறுவிக்கொண்டே இருந்ததன் சுமையை, அந்தக் கடதாசிகளை எழுதியவர்களும் சேர்ந்தே சுமந்தார்கள்.

அவ்வேலை எப்படி நடந்தது என்பதை ஒரு கோப்பைக் கொண்டு விளக்கலாம். ஓய்வு பெற்ற கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் பணிக்கொடை கேட்டு வருகிறார் என்று கொள்வோம். பணிக்கொடை என்பது 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 5 ஆண்டுகளுக்குக் குறையாத சேவைக்குத் தொழில்கொள்வோர் வழங்கவேண்டிய தொகை. நாட்சம்பளக்காரருக்கு அது ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் 14 நாட் சம்பளம். சேவை ஆண்டுகளை நிறுவினால் கணக்கு முடிந்துவிடும். ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. பதிலாக உத்தேச வயதுச் சான்றிதழ் இருக்கிறது. அதில் அவர் பெயர் வேலாயி. தோட்டத்துச் செக்ரோலில், அதாவது நாளாந்த வேலைப் பதிவேட்டில், வேலம்மா. சேமலாப நிதியின் உறுப்புரிமைப் பதிவான பி கார்டில் தந்தையின் பெயர் முன்னே வந்து, எழுத்துப் பிழையோடு சிங்களத்தில் இருக்கிறது. தேசிய அடையாள அட்டையிலோ கணவரின் பெயர் சேர்ந்திருக்கிறது. பிறந்த ஆண்டு மூன்று இடத்தில் மூன்று விதம். இந்த நால்வரும் ஒருவரே என்று நிறுவும் வரை ஒரு சதமும் கைக்கு வராது.

இங்கே சட்டத்தரணி செய்வது, முதலில் அந்தப் பெண்ணைப் பேச விடுவது. எந்த வயதில் பேர் பதிந்தார்கள், அப்போது கணக்கப்பிள்ளை யார், எந்த மலையில் முதலில் கொழுந்தெடுத்தார், எந்தத் தொரை (தோட்ட அத்தியட்சகர்) காலத்தில் பிள்ளைப்பேறு, பெரிய மழையும் மண்சரிவும் வந்த ஆண்டு அதற்கு முன்னா பின்னா என்று, தேதி தெரியாதவரின் நினைவிலிருந்தே தேதியை வருவிக்கவேண்டும். அடுத்து, முரண்படும் ஒவ்வொரு பதிவும் எவர் கையால், எந்த மொழியில், எதற்காக எழுதப்பட்டது என்று கண்டு, அந்த முரண்பாட்டுக்கான காரணத்தையும் சேர்த்தே சத்தியக்கடதாசியில் எழுதவேண்டும். சத்தியக்கடதாசி என்பது சமாதான நீதவான் அல்லது சத்தியப்பிரமாண ஆணையாளர் முன்னிலையில் உண்மையென உறுதிகூறிக் கையொப்பமிடும் எழுத்துமூலக் கூற்று. முரண்பாட்டை மறைத்து எழுதிய சத்தியக்கடதாசி முதல் குறுக்குக் கேள்வியிலேயே உடைந்துபோகும். அதை முன்வைத்து விளக்கிய சத்தியக்கடதாசி நிற்கும். ஹாலிஎலையில் கற்ற இந்தப் பாடத்துக்குச் சமமான ஒன்றைச் சட்டக் கல்லூரியின் எந்தத் தேர்வும் கற்பிக்கவில்லை.

இதோடு சேர்த்துச் சொல்லவேண்டிய இன்னொரு பயிற்சி மொழி சார்ந்தது. பதுளை நீதிமன்றங்களின் நடவடிக்கைகள் சிங்களத்தில் நிகழ்கின்றன. தமிழில் சாட்சி சொல்பவரின் கூற்றை நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் சொல்ல, அதுவே ஏட்டில் பதிவாகிறது. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை இந்த மொழிபெயர்ப்பை உரிமையாக்கியிருந்தாலும், சாட்சி சொன்னதற்கும் ஏட்டில் பதிந்ததற்கும் இடையே என்ன நழுவியது என்பதை அந்த மண்டபத்தில் இரு மொழியும் அறிந்த தமிழ்ச் சட்டத்தரணி மட்டுமே பெரும்பாலும் கவனிக்கிறார். எழுந்து நின்று, மரியாதை குறையாமல், சாட்சி சொன்னது இதுவென்று மன்றுக்குச் சுட்டிக்காட்டுவது அவருக்கு அன்றாடக் கடமை. இரண்டு மொழிகளுக்கு நடுவே ஒரு சாட்சியத்தைச் சிதையாமல் கொண்டு செல்வது எப்படி என்பதை அவர் கூலியில்லாமலே பல ஆண்டுகள் பழகிவிடுகிறார்.

புறப்பாடு என்பது விமானச் சீட்டு வாங்குவதோடு தொடங்குவதில்லை. நீதிமன்றப் பதிவறையில் தொடங்குகிறது. குடியியல் வழக்கில் கட்சிக்காரர் கையெழுத்திட்டுச் சட்டத்தரணிக்கு அளிக்கும் அதிகாரப் பத்திரம் புரொக்சி எனப்படும். அது ஒருமுறை வழக்கேட்டில் சேர்ந்துவிட்டால், மன்றின் அனுமதியோடு இரத்தாகும் வரை அல்லது வழக்கு முடியும் வரை உயிரோடு இருக்கும். எனவே சட்டத்தரணி வெளிநாடு சென்ற பின்னும் வழக்கேட்டில் அவரே கட்சிக்காரரின் குரலாக நிற்பார். கட்சிக்காரர் தன் வழக்கை இன்னொருவரிடம் கொடுக்க முடியாமல் திணறுவார். நொத்தாரிசாகவும் இருந்தவருக்குக் கடமை இன்னும் கூடுதல். நொத்தாரிசுப் பத்திரம் குறித்த நீதி வலயத்துக்கும் குறித்த மொழிக்குமே வழங்கப்படுவதால் அது கடல் கடந்தால் செல்லுபடியாகாது. தான் பேணிவந்த உறுதிகளின் மூலப் பிரதிகளைக் காணிப் பதிவாளரிடம் ஒப்படைத்தே அவர் விலகவேண்டும். வழக்குக் கோப்புகளைத் திருப்பிக் கொடுக்காமல் புறப்பட்டுப் போனவர்களால் தோட்டத்து ஏழைகள் அலைந்ததை ஊவாவில் தொழில் செய்த எவரும் அறிவர். இது தொழில் ஒழுக்கம் சார்ந்தது மட்டுமன்று. வெளிநாட்டுச் சட்டச் சங்கங்கள் முதலில் கேட்பது, உயர் நீதிமன்றப் பதிவாளரிடமிருந்து பெறும் நன்னிலைச் சான்றிதழை. ஒழுக்காற்று முறைப்பாடு ஒன்று நிலுவையில் இருந்தால் அங்கேயே பயணம் தடைப்படும்.

சேருமிடத்தில் மீண்டும் சட்டத்தரணியாகும் வழிகள் திறந்தே உள்ளன. ஆனால் அவை நீளமானவை. கனடாவில் சட்டச் சங்கங்களின் சம்மேளனத்தின்கீழ் இயங்கும் தேசிய அங்கீகாரக் குழு வெளிநாட்டுத் தகுதியை மதிப்பிட்டு, அரசியலமைப்பு, நிருவாகச் சட்டம், குற்றவியல், கனடியச் சட்ட அடிப்படை, தொழில் ஒழுக்கம் முதலிய பாடங்களில் தேர்வெழுதச் சொல்கிறது. அதன் பின்னர் மாகாணச் சட்டச் சங்கத்தின் உரிமத் தேர்வுகளும், ஒரு சட்டத்தரணியின்கீழ் மாதக்கணக்கில் பெறும் பயிற்சியும் உண்டு. பயிற்சியிடம் கிடைக்காதவருக்காக ஒன்ராறியோவில் 2014 முதல் மாற்றுப் பயிற்சித் திட்டம் ஒன்று நடைபெறுகிறது. இங்கிலாந்தில் 2021 செப்டெம்பர் முதல் எல்லோருக்கும் பொதுவான தேர்வு முறை வந்தது. அதன் முதற்பகுதி 360 பல்தேர்வு வினாக்கள், இரண்டாம் பகுதி கட்சிக்காரர் நேர்காணல், வாதம், வரைவு போன்ற 16 செயன்முறைப் பயிற்சிகள். வெளிநாட்டில் தகுதி பெற்ற சட்டத்தரணிக்கு இரண்டாண்டு வேலை அனுபவம் என்ற நிபந்தனை அங்கே விலக்கப்படுகிறது. அவுஸ்திரேலியாவில் மாநில அனுமதிச் சபைகள் 11 அடிப்படைப் பாடங்களில் குறைபடுவனவற்றை மீண்டும் படிக்கச் சொல்கின்றன.

இந்த வழியில் செல்லலாமா என்பதை வயதும் குடும்பமும் மட்டும் தீர்மானிப்பதில்லை, மொழியும் தீர்மானிக்கிறது. சட்டக் கல்லூரியில் தமிழ்மொழி மூலம் படித்து, சிங்களத்தில் வாதாடி, ஆங்கிலத்தில் தீர்ப்புகளை மட்டும் வாசித்து வந்தவருக்கு, ஆங்கிலத்தில் விரைந்து எழுதும் தேர்வு தனிப் பயிற்சி கேட்கும் ஒன்று. சட்டக் கல்லூரிக் கல்வியை ஆங்கில மொழிக்கு மட்டும் மாற்றும் ஒழுங்குவிதியைப் பாராளுமன்றம் 2023இல் நிராகரித்தபோது, அது மலையக மாணவருக்குக் கதவைத் திறந்து வைத்தது உண்மை; அதே மாணவர் பின்னொரு நாள் புலம்பெயர நேர்ந்தால் அந்த இடைவெளியைத் தாமே நிரப்பவேண்டியிருக்கும் என்பதும் உண்மை. இளவயதினர், ஆங்கில எழுத்தில் தேர்ச்சி உள்ளோர், சில ஆண்டுகள் வருமானமின்றித் தாங்கக்கூடியோர் மீண்டும் தகுதி பெறுவதே நல்லது என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து. ஏனையோர் அந்தத் தேர்வுகளை ஒரு கௌரவப் போராட்டமாக்கி, பண்டகசாலையில் இரவு வேலை செய்துகொண்டே பல ஆண்டுகளைக் கழிப்பது தேவையற்ற துன்பம்.

தமது பழைய தொழிலுக்கு அண்மையான தொழில்கள் அவர்களுக்கு உண்டு. இதற்கு மிகப் பழைய முன்னுதாரணம் எல்லோரும் அறிந்தவரிடமே இருக்கிறது. 1927 நவம்பரில் இலங்கைப் பயணத்தின்போது பதுளையிலும் பேசிய காந்தி, 1893இல் தென்னாபிரிக்காவுக்குச் சென்றபோது இலண்டனில் தகுதி பெற்ற பாரிஸ்டர். எனினும் பிரிட்டோரியாவில் அவருக்குக் கிடைத்த வேலை, குஜராத்தியில் இருந்த கணக்குகளையும் கடிதங்களையும் படித்துத் தொகுத்து, வணிகரான கட்சிக்காரருக்கும் அவருடைய ஆங்கிலேயச் சட்டத்தரணிகளுக்கும் இடையே விளக்குவது. அந்த வழக்கின் உண்மைகள் அனைத்தையும் கணக்கேடுகளிலிருந்து தோண்டியெடுத்த அந்த வேலையே சட்டத்தொழிலில் அவரை உருவாக்கியது.

கனடாவில் இவ்வகை வேலைக்கு இடம் உண்டாக்கியது ஒரு தீர்ப்பு. 1985 ஏப்ரல் 4இல் கனடிய உயர் நீதிமன்றம் சிங் வழக்கில், அகதி கோருபவரின் நம்பகத்தன்மை கேள்விக்குள்ளாகும்போது அவருக்கு வாய்மொழி விசாரணை அளிக்கப்படவேண்டும் என்று தீர்த்தது. 1983 யூலை வன்முறையின் பின் பதுளை உட்பட நாடெங்கிலுமிருந்து வெளியேறிய தமிழர் அங்கு வந்து சேர்ந்துகொண்டிருந்த காலம் அது. 1989இல் குடிவரவு அகதிகள் சபை தொடங்கியதும், ஒவ்வொரு விசாரணைக்கும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். நீதிமன்ற நடைமுறை அறிந்த, சத்தியப்பிரமாணத்தின் கனம் உணர்ந்த ஒருவர் அந்த நாற்காலியில் அமர்வது இயல்பாகவே பொருந்தியது.

பொருந்தியதேயன்றி எளிதாக இருக்கவில்லை. விசாரணை மொழிபெயர்ப்பாளர், சாட்சி தன்மையில் சொன்னதைத் தன்மையிலேயே சொல்லவேண்டும். கூட்டவும் குறைக்கவும் விளக்கவும் கூடாது. வாதாடிப் பழகிய நாவுக்கு இந்தக் கட்டுப்பாடு மிகக் கடினம். மலையகத்திலிருந்து வந்த ஒருவரிடம், உம்முடைய வதிவிடத்தைக் காட்டக் கிராம உத்தியோகத்தரின் கடிதம் ஏன் இல்லை என்று விசாரணை உறுப்பினர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எங்களுக்குத் தொரைதானே எழுதித் தரவேணும், அவர் தரயில்லை என்பது விடை. தோட்டத்தில் வாழ்பவரின் அடையாள அட்டை விண்ணப்பத்தைக்கூடத் தோட்ட அத்தியட்சகரே உறுதிப்படுத்தும் வழக்கத்தையும், அவரோடு முரண்பட்டு நிற்கும் தொழிலாளிக்கு அந்தக் கையொப்பம் எட்டாக்கனியாகிவிடுவதையும் அறியாத உறுப்பினருக்கு, அந்த விடை தட்டிக்கழிப்பதாகவே கேட்கும். கோருபவரின் சட்டத்தரணியும் அறியாதவராயின் அடுத்த கேள்வி எழாது. உண்மையை முழுமையாக அறிந்தவர் அந்த அறையில் மொழிபெயர்ப்பாளர் ஒருவரே. அவரோ அத்தியட்சகர் எழுதித் தரவேண்டும், தரவில்லை என்று மட்டும் சொல்லி அமைதியாக இருக்கவேண்டும். அமைதி காப்பது சரியானது என்பதில் ஐயமில்லை, ஏனெனில் மொழிபெயர்ப்பாளர் கட்சி சார்ந்தால் அந்த நாற்காலியின் நம்பிக்கையே போய்விடும். எனினும் அந்த அமைதியின் கனமே பலரை அடுத்த தொழிலுக்குத் தள்ளுகிறது.

ஒன்ராறியோவில் 2007 முதல் பராலீகல் எனப்படும் சட்டத் துணையாளருக்கு, சட்டத்தரணிகளுக்குரிய அதே சட்டச் சங்கம் உரிமம் வழங்குகிறது. இவர் சிறுதொகை உரிமைக்கோரிக்கை நீதிமன்றிலும், வாடகைப் பிணக்குச் சபையிலும், குடிவரவு அகதிகள் சபையிலும் கட்சிக்காரருக்காகத் தோன்றலாம். மேலே சொன்ன உண்மை, மொழிபெயர்ப்பாளரின் நாற்காலியில் வெளிவர முடியாதது, சட்டத் துணையாளரின் மேசையில் முதல் நாளே எழுத்துக்கு வருகிறது. கோருபவர் விசாரணைக்கு முன் நிரப்பித் தரவேண்டிய கோரிக்கை அடிப்படைப் படிவத்தில், ஏன் அந்தக் கடிதம் இல்லை, அதைத் தரவேண்டியவர் யார், அவருக்கும் கோருபவருக்கும் என்ன பிணக்கு என்று காரணத்தோடு எழுதப்படுகிறது. பெயர் ஏன் மூன்று விதமாக இருக்கிறது, பிறந்த ஆண்டு ஏன் மாறுகிறது என்பவையும் அவ்வாறே. வேலாயியின் கோப்பில் பழகிய கை இங்கே தடுமாறுவதில்லை. அகதிக் கோரிக்கைகள் பெரும்பாலும் தோற்பது சட்டப் பிரச்சினையில் அன்று, விளக்கப்படாத முரண்பாட்டில். அதை விளக்கும் கலையை ஊவாவின் தொழில் நியாய சபையை விடச் சிறப்பாகக் கற்பிக்கும் இடம் அரிது.

நொத்தாரிசு வேலையில் தேர்ந்தவர்களுக்கு வேறொரு வாசல் உண்டு. இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டம், வீடு காணிக் கைமாற்றத்துக்கென்று தனியாக உரிமம் பெற்ற ஒரு தொழிலை உருவாக்கியது. அதற்குச் சட்டத்தரணியாக இருக்கத் தேவையில்லை. அங்கும் அவுஸ்திரேலியாவிலும் காணி உரிமை அரசின் பதிவேட்டிலிருந்தே பிறக்கிறது. தென் அவுஸ்திரேலியாவில் 1858இல் தொடங்கிய டொரன்ஸ் முறை இதற்கு முன்னோடி. இலங்கையில் உறுதிகளின் சங்கிலியைத் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்து பழகியவர், பதிவேட்டில் ஒரு பக்கத்தைப் பார்த்து முடித்துவிடும் அந்த முறையை முதலில் நம்ப மறுப்பார். 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டத்தின்கீழ், பிம்சவிய எனப்படும் திட்டத்தில் வேலை செய்தவருக்கு அது புதிதாக இராது.

எல்லா அண்மைத் தொழில்களுக்கும் பொதுவான ஓர் ஆபத்தைச் சொல்லாமல் விடமுடியாது. ஊரில் சட்டத்தரணியாக இருந்தவர் என்பது தெரிந்துவிட்டால், கோயிலிலும் கலியாண வீட்டிலும் மக்கள் தேடி வருவர். தம்பியைக் கூப்பிடும் படிவம், காலாவதியான விசா, மறுக்கப்பட்ட மேன்முறையீடு என்று கையில் கடிதங்களோடு நிற்பர். அண்ணை, நீங்கள் லோயர்தானே, ஒருக்கா பாருங்கோ என்ற வேண்டுகோளை மறுப்பது நெஞ்சுக்குக் கடினம். ஆயினும் உரிமமின்றிக் கூலிக்குக் குடிவரவு ஆலோசனை வழங்குவது கனடாவில் குடிவரவு அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 91ஆம் பிரிவின்கீழ் குற்றம். இங்கிலாந்தில் 1999ஆம் ஆண்டின் குடிவரவுப் புகலிடச் சட்டப்படி, பதிவின்றி அத்தகைய ஆலோசனையைத் தொழிலாகச் செய்வதே குற்றம், கூலி வாங்கினாலும் வாங்காவிட்டாலும். தண்டனை ஒருபுறமிருக்க, பதிவில்லாதவர் எழுதிய பிழையான படிவத்தால் ஒரு குடும்பம் நாடு கடத்தப்படும் நிலைக்கு வரலாம் என்பதே பெரிய காரணம். அந்தக் கடிதத்தை வாங்கிப் படித்து, இது எந்த வகைக் காரியம், எந்த நாளுக்குள் செய்யவேண்டும், உரிமம் பெற்ற எவரிடம் போகவேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்புவதே முறை. இரு நாடுகளிலும் குடிவரவு ஆலோசகர் உரிமம் தனியாகவே பெறமுடிவதால், மக்கள் தேடி வருவதை ஒரு தொடக்கமாகக் கொண்டு அந்த உரிமத்துக்குப் படித்தவர்கள் நன்றாகவே வாழ்கின்றனர்.

இவற்றுக்கெல்லாம் மறுபக்கம் ஹாலிஎலையில் இருக்கிறது. சிங்களம் நீதிமன்ற மொழியானபோது பறங்கியச் சட்டத்தரணிகள் பலர் அவுஸ்திரேலியா சென்றனர். அவர்களுடைய இடத்தை நிரப்பப் பிறர் இருந்தனர். தோட்டத்திலிருந்து வந்து சட்டம் படித்தவர்களோ மிகச் சிலர். கங்காணியின் மகனாகப் பிறந்து பாரிஸ்டராகி, 1931இல் தொழில் அமைச்சராகவும் இருந்த பெரி சுந்தரத்துக்குப் பின்னும் நெடுங்காலம் அந்த எண்ணிக்கை மெல்லவே கூடியது. அவர்களுள் ஒருவர் புறப்படும்போது, லயத்துக்காரரின் மொழியில் அவர் கதையைக் கேட்டு எழுதும் ஒரு மேசை குறைகிறது. ஆகவே புரொக்சிகளை ஒப்படைக்கும்போது, மன்றின் அனுமதியோடு நின்றுவிடாமல், தமிழில் கேட்டுச் சிங்களத்தில் எழுதக்கூடிய இளைய சட்டத்தரணி ஒருவரைத் தேடி, ஒவ்வொரு கோப்பிலும் இருக்கும் முரண்பாடுகளையும் அவற்றுக்கான காரணங்களையும் கையால் எழுதிச் சேர்த்துக் கொடுப்பது அவசியம் என்றே இக்கட்டுரையாளர் கருதுகிறார். வழக்கேட்டில் இல்லாத அந்தக் குறிப்புகள் போனால் கட்சிக்காரர் மீண்டும் முதலிலிருந்து சொல்லவேண்டியிருக்கும்.

புலம்பெயர்ந்த பின்னும் ஒரு வேலை தொடர்ந்து வருகிறது. தோட்டத்தில் இறந்துபோன தாயின் சேமலாப நிதிக்குப் பின்னுரித்தாளராகப் பெயர் குறிக்கப்பட்ட மகன் ரொறன்ரோவில் இருப்பார். தாயின் பெயர் இறப்புச் சான்றிதழில் ஒன்று, பி கார்டில் ஒன்று. பதுளைத் தொழில் அலுவலகம் கேட்பது, ஒரே ஆள் என்னும் சத்தியக்கடதாசியும், ஊரில் அலுவல் பார்ப்பவருக்கு அற்றோர்னித் தத்துவமும். இங்கே பழைய சட்டத்தரணிக்கு இலங்கைச் சட்டத்தின்கீழ் கையொப்பமிடும் தகுதி இல்லை. மகன் இலங்கைத் தூதரக அலுவலகத்தில் கையெழுத்திடுகிறார், ஹாலிஎலையில் இளைய சட்டத்தரணி மனுவை ஒப்படைக்கிறார். இரண்டுக்கும் இடையே, தாய் எந்தத் தோட்டத்தில் எந்தப் பெயரில் பேர் பதிந்தார், எந்த ஆண்டில் டிவிசன் மாறினார், பெயர் எங்கே திரிந்தது என்று மகனிடம் தொலைபேசியில் கேட்டுக் குறித்து, வரிசைப்படுத்தி இளையவருக்கு அனுப்புபவர் அவரே.